‘காதலிக்க நேரமில்லை’ திரைப்படத்தில் உயர்சொல்லும் நகையும்

ஸ்ரீதர் இயக்கத்தில் 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. விசுவநாதன் - இராமமூர்த்தி இசை, வின்சென்டின் வண்ண ஒளிப்பதிவு, புதுமுகம் இரவிச்சந்திரனின் துள்ளல் ஆகியன இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுவதுண்டு. அவை பொருந்துவனவே. எனினும், காதலர்களைக் காட்டிலும் நினைவில் நிற்பவர் பெண்களின் தந்தை விசுவநாதனாக வரும் டி.எஸ். பாலையாவே ஆவார்.

அவரால் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஏழை அசோக், பெருஞ்செல்வர் சிதம்பரத்தின் மகனாக நடிக்கிறான். நண்பன் வாசு (முத்துராமன்) முதியவர் வேடம் பூண்டு சிதம்பரமாகிறான். இவ்வுறவை அறிந்த நொடியில் விசுவநாதனின் மொழி மாறுகிறது. ‘அசோக்’ ‘அசோகர்’ ஆகிறான். ‘மகன்’ என்னும் முறைப்பெயரும் ரகர ஈறு பெற்று ‘மகர்’ ஆகிறது. ‘மகனார்’ என்னும் வடிவம் வழக்கில் இருக்க, அதனைத் தேடும் பொறுமை அவருக்கில்லை.

ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல் வழக்கினால் அமைந்ததேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் தரும் விளக்கம். அவ்வழக்கை எது தீர்மானிக்கிறது என்னும் வினாவிற்குப் பாலையாவின் ஒற்றை விகுதி விடையாகிறது: பணம். மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் இங்கு ஒருசேர நிற்கின்றன. எள்ளப்படுபவர் விசுவநாதன் மட்டுமல்லர். செல்வரைக் கண்டவுடன் விகுதி மாற்றிப் பழகிய பார்வையாளரும்தாம்.

செல்லப்பா (நாகேஷ்) திகில் கதை சொல்லும் புகழ்பெற்ற காட்சியின் இயல்பு வேறு. கேட்பவர் முகத்தில் அச்சம், காண்பவரிடத்து நகை. அதற்குச் சொல்லினும் ஒலியும் முகக்குறிப்புமே முதன்மை. ஆதலின் 1966இல் ஸ்ரீதரே இந்தியில் இயக்கிய ‘பியார் கியே ஜா’ படத்திற்கு, மெஹ்மூத், ஓம் பிரகாஷ் வழி, அது எளிதிற் பெயர்ந்தது. விகுதி நகை அவ்வாறு பெயராது. இந்தியில் பெயரை அடுத்து மதிப்புச்சொல் சேர்வது இயல்பு; அங்குச் சொல்லின் வடிவம் சிதைவதில்லை, சிதைவின்றி இந்நகையும் இல்லை.

கதையில் உண்மையான செல்வர் மகன் வாசு. அவனோ முதியவர் வேடத்துள் அமர்ந்து, அந்த ரகர ஈறு தன் ஏழை நண்பனுக்குச் சென்று சேர்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.