இரண்டு மடக்கு நேரம்

டீக்கடை ஃபேனை அணைத்ததும் அது நிற்பதில்லை. கிளாஸை ஊதி இரண்டு மடக்கு குடிக்கும்வரை சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சின்ன மோட்டாரின் உராய்வை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அந்த இரண்டு மடக்கு நேரத்தில்தான் இருக்கிறது.

தண்டில் ஒரு டார்க் சென்சாரை, அதாவது திருப்புவிசையை அளக்கும் கருவியை, மாட்டினால் ஆயிற்று என்று தோன்றும். 1 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சென்சாரில் 0.1 சதவீதப் பிழை என்றால், அதுவே 1 மில்லி நியூட்டன் மீட்டர். சின்ன பேரிங்கின் மொத்த உராய்வே அவ்வளவு இருந்தால் பெரிது. லாரி எடைமேடையில் மூக்குத்தியை நிறுப்பதுபோல. போதாததற்கு, அந்த சென்சாருக்கே பேரிங் உண்டு. அதன் உராய்வும் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே நேரத்தைப் பாருங்கள். 100 கிராம் எடை, 5 சென்டிமீட்டர் ஆரம் உள்ள தட்டையான வட்டத் தகட்டைத் தண்டில் மாட்டி, நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு ஓட்டி, மின்சாரத்தை விடுங்கள். 40 நொடியில், ஒரே சீராக வேகம் குறைந்து நிற்கிறது என்று வையுங்கள். எடையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் நிலைமத் திருப்புத்திறன். அதை, ரேடியன் கணக்கில் சுழல்வேகம் குறையும் வீதத்தால் பெருக்கினால் டார்க். கிட்டத்தட்ட 1 மில்லி நியூட்டன் மீட்டர் வரும். 10 சென்டிமீட்டர் குச்சியின் நுனியில் ஒரு கிராமைத் தொங்கவிட்ட இழுப்புதான் அது. மோட்டாரின் சுழலியும் சேரவேண்டும். தகட்டுக்கு முன் அது சொற்பமாக இருந்தால் விட்டுவிடலாம்.

நிஜத்தில் வேகம் ஒரே சீராகக் குறையாது. தொடக்கத்தில் காற்று அதிகமாகப் பிடிக்கும். தகட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, செல்போனின் ஸ்லோமோஷனில் எடுத்து, கடைசிச் சுற்றுகளின் சரிவை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். காந்த மோட்டார் என்றால் ஒயர் முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் மோட்டார் ஜெனரேட்டராகி, தானே பிரேக் போட்டுக்கொள்ளும். கையால் சுற்றிப் பாருங்கள், விரலுக்கே தெரியும். முனைகளைத் திறந்து வைத்தாலும், இரும்புக்கும் காந்தத்துக்கும் உள்ள இழுபறி கணக்கில் சேர்ந்துதான் வரும்.

பேரிங் தனியாக வெளியே இருந்தால் வேலை சுலபம். தண்டைச் சுழலவிட்டு, பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு குச்சியைக் கட்டி, நுனியை நகைக்கடைத் தராசில் சாய்த்துவிடலாம். சுழலாத பக்கத்தை நிறுப்பதில் சிக்கல் இல்லை.

அப்படியானால் மோட்டாரின் உடம்பிலேயே குச்சி கட்டலாமே என்று கேட்பீர்கள். சுமையில்லாமல் ஒரே வேகத்தில் ஓடும்போது, காந்தம் உடம்பை ஒருபக்கம் தள்ளும், அதன் சொந்த பேரிங் அதே அளவு எதிர்ப்பக்கம் இழுக்கும். தராசுத் தட்டில் உட்கார்ந்துகொண்டு அதே தட்டைக் கையால் அமுக்கினால் முள் அசையுமா? அந்த பேரிங்குக்கு மறுபடி ஸ்டாப்வாட்ச்தான்.