பாதி வாக்கியமும் போய்ச் சேரும் தொலைபேசி

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று போன் பேசிப் பாருங்கள். ஒரு பக்கம் ஏ.வி. பாலத்தில் ஏறக் காத்திருக்கும் பஸ்கள், இன்னொரு பக்கம் ராஜாஜி மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ், இடையில் ஷேர் ஆட்டோக்களின் ஹாரன். "ஒண்ணும் கேக்கலண்ணே, மெசேஜ் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். காது கேட்பவர்களுக்கு அது சில நிமிடத் தொல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தொலைபேசி என்ற கருவி அவர்களுக்கு எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் இப்படித்தான்.

வாட்ஸ்அப் வந்த பிறகும் இதென்ன பேச்சு என்று கேட்கலாம். உண்மைதான், 2016-க்குப் பிறகு 4ஜி டேட்டா மலிவானதும் காது கேளாதவர்கள் வீடியோ காலில் சைகை மொழியில் தாராளமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அது தெரிந்தவர்களுக்குள் நடக்கும் பேச்சு. இரண்டு பக்கமும் அதே செயலி வேண்டும், எதிரே இருப்பவருக்குச் சைகை மொழியும் தெரிய வேண்டும். மருத்துவமனை விசாரணை மேசையில் இருக்கும் போனுக்கோ, மின்வாரிய அலுவலகத்துக்கோ, 108-க்கோ அந்த வழி செல்லாது. தொலைபேசி எண்ணின் பெருமையே எந்த நிறுவனத்து எண்ணிலிருந்தும் எந்த நிறுவனத்து எண்ணுக்கும் மணி அடிக்கும் என்பதுதான். அந்தப் பெருமையை எழுத்துக்கும் கொடுக்கும் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நிகழ்நேர எழுத்து. பொறியாளர்கள் சுருக்கமாக ஆர்டிடி என்பார்கள்.

இதில் 'அனுப்பு' பொத்தான் கிடையாது. வழக்கம்போல எண்ணை அழுத்தி அழைக்கிறீர்கள், அங்கே மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள். பிறகு நீங்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட, அது அப்போதே எதிர்முனைத் திரையில் தோன்றுகிறது. தயங்கினால் தயக்கம் தெரியும். அழித்தால் அழிப்பது தெரியும். நீங்கள் முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டுப் பதில் தட்டலாம். எழுத்தால் நடந்தாலும் இது கடிதமல்ல, உரையாடல். வேண்டுமானால் அதே அழைப்பில் குரலும் சேர்ந்து போகும். காது மந்தமான, ஆனால் வாயால் பேசக்கூடிய ஒரு தாத்தா, தான் பேசிக்கொண்டே பேத்தியின் பதிலைப் படிக்கலாம்.

இந்த எண்ணத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கலிபோர்னியாவில் ராபர்ட் வெயிட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர் இருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர், அமெச்சூர் ரேடியோ பிரியர். காற்றலை வழியாக டெலிபிரிண்டரில் நண்பர்களோடு தட்டிப் பேசுவது அவருக்குப் பழக்கம். பாசடீனாவில் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர். அவருக்கும் காது கேளாது. ரேடியோவில் முடிவது தொலைபேசிக் கம்பியில் ஏன் முடியாது என்று இருவரும் இறங்கினார்கள். பெரிய தடை கம்பியல்ல, கம்பெனி. ஏடி அண்ட் டி நிறுவனம் தன் இணைப்பில் வெளியார் கருவி எதையும் மாட்ட விடாது. வெயிட்பிரெக்ட் அதற்குக் கண்டுபிடித்த தந்திரம் அழகானது. கம்பியைத் தொடவே வேண்டாம். போனின் கைப்பிடியை எடுத்து இரண்டு ரப்பர்க் குழிகளில் வைத்தால் போதும். டெலிபிரிண்டரின் மின் துடிப்பு ஒலியாக மாறிப் போனுக்குள் போகும், வரும் ஒலி மறுபடி துடிப்பாகி அச்சாகும். 1964 மே மாதம், பல தடவை குப்பையாக அச்சடித்துத் தீர்த்த பிறகு, இருவருக்கும் இடையே முதல் வெளியூர் எழுத்து அழைப்பு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

அப்போது கிடைத்தவை ஏடி அண்ட் டி கழித்துக்கட்டிய பழைய டெலிபிரிண்டர்கள்தான். ஒற்றை ஆளால் நகர்த்த முடியாத இரும்புப் பாரம். 1968-ல் நிறுவனம் அவற்றைக் காது கேளாதவர்களுக்குத் தர ஒத்துக்கொண்டது. அதே ஆண்டில் 'கார்ட்டர்போன்' வழக்கின் தீர்ப்பு, வெளியார் கருவிகளை இணைக்கக் கூடாது என்ற தடையையும் உடைத்தது. பின்னர் மோடமோடு கூடிய, டிடிஒய் என்ற கையடக்க எழுத்துத் தொலைபேசிக் கருவிகள் வந்தன. ஒருவர் தட்டி முடித்து 'ஜிஏ' என்று அடித்தால் 'சொல்லுங்க, உங்க முறை' என்று அர்த்தம். 'எஸ்கே' என்றால் வைக்கப்போகிறேன். ஒரே நேரத்தில் இருவரும் தட்டினால் இரண்டும் கலைந்துவிடும் என்பதால் இந்த மரியாதை.

இங்கே கொஞ்சம் நின்று அந்த ஒலிகளைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இணையத் தொலைபேசி வந்தபோது இந்தக் கருவியைக் கொன்றது அவைதான். டிடிஒய் இரண்டே சுருதிகளில் பாடும்: 1,400 ஹெர்ட்ஸ் என்றால் 1, 1,800 ஹெர்ட்ஸ் என்றால் 0. ஒவ்வொரு பிட்டும் 22 மில்லிவிநாடி நீளம். ஓர் எழுத்துக்கு ஐந்து பிட், முன்னும் பின்னும் அடையாளத் துடிப்புகள். விநாடிக்குச் சுமார் ஆறு எழுத்து போகும். செப்புக் கம்பியில் இது வருடக்கணக்காகச் சிக்கலின்றி ஓடியது. இணைய வழிக் குரலோ கம்பியில் தொடர்ந்து ஓடும் அலை அல்ல. பேச்சைப் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, மனிதத் தொண்டை எப்படி ஒலிக்கும் என்ற கணக்கை வைத்துச் சுருக்கி, பாக்கெட்டுகளாக அனுப்புகிறார்கள். வழியில் ஒன்று தொலைந்தால் மென்பொருள் முந்தைய ஒலியை நீட்டி ஓட்டையை அடைத்துவிடும். காதுக்கு அது தெரியவே தெரியாது. டிடிஒய்க்கோ ஒரு பாக்கெட் போவது ஏறக்குறைய ஒரு பிட் போவதற்குச் சமம்; ஒரு பிட் மாறினால் எழுத்தே மாறும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஐந்து பிட்டில் 32 சேர்க்கைதான் கிடைக்கும் என்பதால் எழுத்துகளும் எண்களும் ஒரே குறியீட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எது என்று சொல்ல இடையில் ஒரு மாற்றுக்குறி வரும். அந்த ஒற்றைக் குறி தொலைந்தால், அடுத்து வரும் சொற்களெல்லாம் எண்களாகவும் குறிகளாகவும் அச்சாகும்.

ஆக, எழுத்தை ஒலியாக்கி, ஒலியைத் திரும்பவும் எண்களாக்கி அனுப்பும் சுற்றுவழி எதற்கு? எழுத்தை எழுத்தாகவே அனுப்பலாமே. 1998-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் டி.140 என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதை இணையத்தில் எப்படி ஏற்றுவது என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் ஹெல்ஸ்ட்ராம் வகுத்தார். 2000-ல் முதல் வடிவம், 2005-ல் ஆர்எஃப்சி 4103 என்ற திருத்திய வடிவம். அழைப்பை ஏற்படுத்துவது இணையக் குரல் அழைப்புகளுக்கான அதே எஸ்ஐபி முறைதான். குரல் ஒரு தாரையாகவும் எழுத்து பக்கத்தில் இன்னொரு தாரையாகவும் ஓடும்.

தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பாக்கெட் என்று அனுப்பினால் வீண்செலவு. ஆகவே 300 மில்லிவிநாடி காத்திருந்து, அதற்குள் சேர்ந்ததை மொத்தமாக அனுப்புகிறார்கள். அந்தத் தாமதத்தைப் படிப்பவர் உணர்வதில்லை. தொலைந்த பாக்கெட்டைத் திருப்பிக் கேட்க நேரமில்லை. அதற்கு ஹெல்ஸ்ட்ராம் சொன்ன வழி, நம் பக்கத்து மொய் விழாவில் மைக் பிடிப்பவர் புதுப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் முந்தைய இரண்டு பெயர்களையும் சேர்த்தே வாசிப்பது போன்றது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் புதிய எழுத்துகளோடு இதற்கு முந்தைய இரண்டு பாக்கெட்டின் எழுத்துகளும் பயணம் செய்கின்றன. வரிசையாக இரண்டு தொலைந்தாலும் மூன்றாவதில் எல்லாம் வந்துவிடும். அதற்கும் மேல் போனால், இந்த இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று ஓர் அடையாளக் குறி விழும். இப்படி மூன்று முறை சொன்னாலும், குரலுக்கு வேண்டிய அலைவரிசையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும்.

டிடிஒய்யின் 32 இடங்களில் தமிழ் உட்கார வழியே இல்லை. டி.140 தொடக்கத்திலேயே யூனிகோடைத் தழுவியதால் 247 எழுத்தும் தாராளமாகப் போகும். 'கோரிப்பாளையம்' நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடில் அது 13 குறியீடு: மெய், அதன்மேல் ஏறும் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், மொத்தம் 39 பைட். ஆங்கிலத்தில் அதே பெயர் 12 பைட்டுக்குள் அடங்கும். இதைப் பெரிய அநியாயமாகச் சிலர் பேசுவதுண்டு; ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்புத் தகவலே 40 பைட் ஆகும்போது இந்த வித்தியாசம் பொருட்டல்ல என்பது என் கட்சி.

உண்மையான சிக்கல் தட்டச்சில் இருக்கிறது. எழுத்து நகர்ந்துகொண்டே தெரிவதுதான் இந்தத் தொழில்நுட்பம் என்றால், தமிழ் தட்டும்போது எழுத்து எப்படியெல்லாம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கில ஒலிப்பு முறையில் 'கோ' அடிப்பவருக்கு முதல் விசையில் 'க்' வரும், அடுத்ததில் அது 'கொ' ஆகும், மூன்றாவதில் 'கோ' ஆகும். அதாவது முதலில் போன புள்ளியை அழித்துவிட்டு ஒகரத்தை அனுப்பி, பிறகு அதையும் அழித்து ஓகாரத்தை அனுப்ப வேண்டும். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இன்னொரு விதம். 'ப்பா' வேண்டுமென்றால் ப, ப, ஆ என்று அடிப்போம். இரண்டாவது 'ப' விழுந்ததும் முதலாவது 'ப' தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அடித்த எழுத்து, அடுத்த விசையால் மாறுகிறது. தட்டுகிறவருக்கு இது பழகிய வித்தை. எதிர்முனையில் படிப்பவர் கண்ணுக்கு எழுத்துகள் துள்ளுவதுபோல் இருக்கும். 300 மில்லிவிநாடிக் காத்திருப்பு, வேகமாகத் தட்டுபவரின் இந்தத் துள்ளலில் பாதியை மறைத்துவிடும். மெதுவாகத் தட்டுபவருக்கு மறைக்காது. 'க' ஒரு பாக்கெட்டிலும் அதன் உயிர்க்குறி அடுத்த பாக்கெட்டிலும் பிரிந்து போக நேரும்; முன்னது அதன் மறுபடிகளோடு சேர்ந்து தொலைந்தால் தனியாக வந்த குறி, ஏறி உட்கார மெய் இல்லாமல் புள்ளிவட்டத்தோடு நிற்கும். இன்னொன்று: சொல் முழுவதையும் ஊகித்துக் காட்டும் போன் விசைப்பலகைகள், பயனர் தேர்ந்தெடுக்கும் வரை அடித்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்ளக்கூடியவை. அப்போது எழுத்து எழுத்தாகப் போக வேண்டியது சொல் சொல்லாகத்தான் போகும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இவற்றில் பாதிகூடப் படாது. மதுரையில் உள்ள ஏதாவதொரு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல இறுதியாண்டுப் புராஜெக்ட்.

அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2016 டிசம்பரில் டிடிஒய்க்குப் பதில் ஆர்டிடியைத் தர நிறுவனங்களுக்கு அனுமதி அளித்தது. ஓராண்டுக்குள் ஐபோனில் அது வந்தது, பிறகு ஆண்ட்ராய்டிலும். போனுக்குள் மென்பொருள் இருந்தால் மட்டும் போதாது. சேவை நிறுவனம் தன் வலையமைப்பில் திறந்துவிட வேண்டும். நம் ஊரில் 4ஜி வழியே குரலை அனுப்பும் வோல்டி வந்த பிறகு, அதில் சாதாரண அழைப்பே பாக்கெட்டுகளாக, எஸ்ஐபி முறையில்தான் ஓடுகிறது. அந்தத் தொலைபேசித் தரத்தில் குரல், காணொளியோடு எழுத்துத் தாரைக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதிதாகக் குழி தோண்டிக் கேபிள் பதிக்க வேண்டியதில்லை.

சட்டமும் ஏறக்குறையத் தயார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. ஐரோப்பியத் தரத்தை அடியொற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17802 என்ற தகவல் தொழில்நுட்ப அணுகல் தரத்தை வெளியிட்டது. 2023 மே மாதம் அது சட்ட விதிகளில் இடம்பெற்றது. இப்படியான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. இத்தனைக்கும் பிறகு, டேட்டா, ஓடிடி, காலர் ட்யூன் என்று கூவி விற்கும் நிறுவன விளம்பரம் ஒன்றில்கூட இந்த வசதியின் பெயரை நான் பார்த்ததில்லை.

மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் அவசர எண்தான். நம் 112-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம், செயலி வழியாகவும் அழைக்கலாம். எஸ்எம்எஸ்ஸில் 'அனுப்பு' அழுத்தும் வரை ஒன்றும் போவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவர் அடித்த பாதிச் செய்தி அவர் போனிலேயே கிடக்கும். நிகழ்நேர எழுத்தில் 'பனகல் ரோ' என்று விரல் நின்றுவிட்டாலும் அதுவரை வந்தது கட்டுப்பாட்டு அறையின் திரையில் இருக்கும், அழைப்பும் துண்டிக்கப்படாமல் இருக்கும், ஆம்புலன்ஸ் கிளம்பலாம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கணக்கைத்தான் போட்டது. எழுத்து வசதி 2025 ஜூன் 28 முதல் தொலைபேசிச் சேவைகளுக்குக் கட்டாயம். அவசர அழைப்பு மையங்கள் தயாராக 2027 ஜூன் 28 வரை அவகாசம்.