உண்ணிக்கு ஒரு வம்சாவளி

"இன்னாம்மா, உண்ணியப் புட்சினு போயி இன்னா பண்ணப் போறீங்க?"

வியாசர்பாடியின் குறுகலான சந்து ஒன்று. கேட்பவர் மடியில் செவலை நாய். இடுக்கியோடு குனிந்திருக்கும் ஆய்வு மாணவி நிமிராமலே சொல்கிறார்: "இதோட சொந்தக்காரங்க யாருன்னு பாக்கப் போறோம்க்கா."

"அப்ப ஜாதகமே எழுதிடு!"

சந்தே சிரிக்கிறது. வாருங்கள், நாமும் கூடவே ஒட்டிக்கொள்வோம். இந்த வேடிக்கை எல்லோருக்கும் கிடைக்காது!

காது மடலைத் திருப்பினால் இரண்டு, கால் விரலிடுக்கைப் பிரித்தால் நான்கு. இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் உண்ணியின் வாய் உள்ளேயே தங்கிவிடும். நாய் முறைக்க ஆரம்பித்ததும் டீக்கடைப் பொறை ஒன்று கைமாறுகிறது. பிடிபட்டவை எத்தனால் குப்பிக்குள் போக, தெருப் பெயரும் தேதியும் எழுதிய சீட்டும் உள்ளே விழுகிறது. பென்சில் எழுத்துதான், பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடுமாம்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் கண்ணில் படுவது ஐஸ்கிரீம் டப்பாக்கள். உள்ளே விரல்நுனி அளவுக் குழாய்கள். குளிர்பெட்டிக் கதவில் சிவப்பு எழுத்தில், 'சாப்பாடு வைக்காதீர்'. ஏசி காற்று இயந்திரங்கள் பக்கமே வீசுகிறது. மனிதர்களுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை.

"இதைப் பாருங்க" என்று நுண்ணோக்கியை நம் பக்கம் திருப்புகிறார்கள். அடேயப்பா! வாயில் வரிசை வரிசையாகப் பின்னோக்கி வளைந்த முட்கள். இழுத்தால் வராததன் ரகசியம் இதுதான். எட்டுக் கால்கள், முட்டையிலிருந்து வந்த புதிதில் ஆறுதானாம். உண்ணி பூச்சியே இல்லை, சிலந்தியின் உறவு.

அடுத்தது கத்தரிப்பு. ஒரே ஒரு கால் போதும். ரத்தம் குடித்துப் பருத்த வயிற்றில் நாயின் டிஎன்ஏவும் கலந்து கிடக்கும், கணக்கு குழம்பிவிடும். அந்தத் துளியூண்டு கால் குழாயில் விழுந்ததா, கையுறையில் ஒட்டிக்கொண்டதா என்று மூன்று பேர் மூச்சை அடக்கித் தேடுகிறார்கள். ஃபேனை யாரும் போடாததற்குக் காரணம் இப்போது புரிகிறது.

நொதியில் ஊறி, 56 டிகிரி சூட்டில் கரைந்து, சுழன்று, வடிந்து, கடைசியில் வெறும் தண்ணீர் போல ஒரு சொட்டு. அதை பிசிஆர் இயந்திரம் சூடாக்கி ஆற்றி, ஒரு மரபணுத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்குகிறது. இவர்கள் தேடுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 16எஸ் மரபணு, தாய்வழியாக மட்டுமே வருவது. பெருகியதை ஜெல்லில் ஓட்டிவிட்டு விளக்கை அணைக்கிறார்கள். புற ஊதா ஒளியில், ஜெல்லின் நடுவே பளிச்சென்று ஒரு கோடு! "வந்துடுச்சு!" கைதட்டலில் நம் கையும் சேர்ந்துகொள்கிறது.

எதற்கு இத்தனை பாடு? 'பழுப்பு நாய் உண்ணி' என்று உலகமே ஒரே பெயரில் அழைத்தது ஒரே இனம் அல்ல என்று காட்டியவை இந்த மரபணுக் குறிகள்தான். வெப்பநாட்டு வம்சம் ஒன்று, மிதவெப்ப நாட்டு வம்சம் இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். 1826இல் வைக்கப்பட்ட பழைய பெயரைத் தூசி தட்டி, 2021இல் வெப்பநாட்டு வம்சத்துக்கு ரைபிசெபாலஸ் லின்னேயி என்று சூட்டினார்கள். நாய்களைக் காய்ச்சலில் வீழ்த்தும் எர்லிக்கியா கிருமியை நன்றாகப் பரப்புவது இந்த வம்சம்தான். எந்த உண்ணி எந்தக் கிளை என்று தெரிவது கால்நடை மருத்துவருக்கு அவ்வளவு முக்கியம்.

திரையில் வம்ச மரம் விரிகிறது. இந்திய நாய்களில் எடுத்த உண்ணிகள் வெப்பநாட்டுக் கிளையில் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. நம் செவலை நாயின் உண்ணிக்கு இன்னும் இடம் போடவில்லை. டிஎன்ஏவின் எழுத்து வரிசை படிக்க அந்தச் சொட்டு இனிமேல்தான் வெளியே போக வேண்டும்.

அதற்குள் அடுத்த வேலைக்குச் சண்டை தொடங்கிவிட்டது. மாட்டு உண்ணியிலும் ஏ, பி, சி என்று கிளைகள் உண்டு. எருமைக் கொட்டகைக்கு யார் போவது? போன முறை உதை வாங்கியவர் மட்டும் கையைத் தூக்கவில்லை.