பத்திரத்தில் கிடைத்த பாட்டி

சென்ற ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து நம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இங்கே படித்த ஆங்கிலோ-இந்தியப் பழைய மாணவி. தம் கொள்ளுத்தாத்தாவுக்குப் பறங்கிமலையில் ஒரு பங்களா இருந்ததாகவும், கொள்ளுப்பாட்டி யார், எவ்வூர்க்காரி என்பது குடும்பத்தில் எவருக்கும் தெரியவில்லை என்றும், தேடிச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். தலைமைச் சகோதரி அக்கடிதத்தை வரலாற்று மன்றத்தாராகிய எங்களிடம் ஒப்படைத்தார்.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் போயிற்று என்று எண்ணினோம். ஆனால் எந்தப் பங்கின் பதிவேட்டை? பட்டாளத்துக் குடும்பம் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருக்கும். நிலமோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடுவதென முடிவு செய்தோம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அருகிலேயே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் கிண்டி வருகிறதல்லவா? அங்குள்ள ஆளுநர் மாளிகை முதலில் ஆளுநர் லாங்கார்னின் தோட்ட வீடு. அவர் 1678-இல் அதைச் சின்ன வெங்கடாத்ரி என்பவருக்கு விற்றார். பிற்காலத்தில் அது கில்பர்ட் ரிக்கெட்ஸ் கைக்கு வந்தது. அவர் உயில் எழுதாமலே 1817-இல் இறந்தார். அரசாங்க வங்கிக்குக் கடனும் வைத்திருந்தார். 1821-இல் அரசு அவ்வீட்டை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. பக்கத்திலிருந்த ஷாமியர் என்னும் ஆர்மீனிய வணிகரின் வீட்டை 8,750 ரூபாய்க்கு வாங்கியது. கடனும் சாவும் வந்தால்தான் மனிதர் பெயர் ஏட்டில் ஏறும் போலும்! அண்டை வீட்டாரும் அவ்வாறே உடன் வந்து சேர்கின்றனர். பத்திரத்தில் நான்கெல்லை எழுதும் வழக்கம் இருப்பதால், பக்கத்து மனையின் பத்திரத்திலும் நம்மவர் பெயர் கிடைக்கக்கூடும்.

எழுத்துக் கூட்டலில் கவனம் தேவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் 1726-இல் கட்டிய பாலத்தை வெள்ளையர் ‘மர்மலாங்’ பாலம் என்றனர். மாம்பலம்தான் அவர்கள் வாயில் அப்படியாயிற்று! மாம்பலமே இப்படியானால் மனிதர் பெயர் என்ன பாடுபட்டிருக்கும்?

ஆசையும் வழிதவறச் செய்யும். சாந்தோமில் 1927-இல் மண்ணைத் தோண்டியபோது மாத்ரா என்னும் போர்த்துக்கீசியக் குடும்பத்தின் கல்லறைக் கல் கிடைத்தது. அதில் 1637 என்னும் ஆண்டு இருக்கவே, மதராஸ் என்னும் பெயரே இக்குடும்பத்தால் வந்தது என்றனர் சிலர். ஆனால் 1367-ஆம் ஆண்டு விசயநகரக் கல்வெட்டொன்றிலேயே மாதரசன்பட்டினம் என்னும் பெயர் இருக்கிறது. எங்களுக்கும் சற்று ஏமாற்றந்தான்.

இனி எங்கள் தேடலுக்கு வருவோம். பட்டா தேடினோம், இல்லை. காரணம் பிறகு விளங்கியது. பறங்கிமலையும் பல்லாவரமும் கண்டோன்மெண்ட் பகுதி. அங்கே நிலக் கணக்கு இராணுவ நில அலுவலகத்தின் தனிப் பதிவேட்டில் இருக்கும். பழைய பங்களாக்கள் பலவற்றில் கட்டடம் மட்டுமே குடியிருந்தவருடையது; அடிமண் அரசாங்கத்துடையது. ‘சொந்த நிலம்’ என்று அந்தக் குடும்பம் நம்பியிருந்தது அப்படிப்பட்டதே.

பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான் வழி பிறந்தது. அங்கே சொத்துப் பத்திரங்களுக்கு அட்டவணைகள் இரண்டு: ஒன்று ஆட்களின் பெயரால், மற்றது சொத்தின் பேரால். சொத்து விற்பனை, அடமானம் முதலியவற்றின் பதிவுகளைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். பெயர் அட்டவணையில் மூன்று நாள் விரல் வைத்துத் தேடிய பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பங்களாவை விற்ற பத்திரம் அகப்பட்டது. விற்றவர் கொள்ளுத்தாத்தா அல்லர், அவருடைய விதவை! வீட்டுப் படங்களிலோ கடிதங்களிலோ பெயர் இல்லாத அந்த அம்மாள், பத்திரத்தில் இன்னார் மனைவி, இன்னார் மகள், இன்ன ஊர் என்று முழுமையாக நின்றார். தகப்பனார் பெயர் ஆங்கிலப் பெயரன்று, நல்ல தமிழ்ப் பெயர். ஊர் செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர். அவ்வூர்ப் பங்குக் கோயிலில் திருமணப் பதிவும் இருந்தது.

இதை எழுதுவதா, வேண்டாமா என்று மன்றத்தில் வாதம் நடந்தது. ஐரோப்பிய வேர் தேடியவருக்குத் தமிழ்ப் பாட்டி கிடைத்தால் வருந்துவாரோ என்றனர் சிலர். மறைப்பதற்கு நாம் யார் என்றார் சகோதரி. நிலம் அவர்களுடையதல்ல என்பதையும் சேர்த்தே எழுதினோம்.

இரண்டு மாதங்களுக்குப் பின் பதில் வந்தது. நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாட்டியின் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழெழுத்தில் பெரிதாக எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் கையெழுத்து அழகாயுள்ள மாணவி ஒருத்தி எழுத, அனுப்பி வைத்தோம்.