வியாபாரியும் ஊர்ப் பொதுக் காரியமும்

நமது கிராமங்களில் கடைக்காரரும், தானிய மண்டிக்காரரும், செக்கு உடையோரும் சங்கத்தில் பங்கு வாங்கி அங்கத்தினராகின்றனர். ஆனால் மகாசபைக் கூட்டத்திற்கு அழைத்தால், "எனக்கு வியாபாரம் இருக்கிறது, ஊர்க் காரியத்தை ஊரார் பார்த்துக்கொள்ளட்டும்" என்பவர் அவர்களுள் அநேகர். இக்கருத்து அவர்களுடைய வியாபாரத்திற்கே கேடு விளைவிப்பதாகும்.

கிராமத்து வியாபாரி சரக்கை முழுதும் ரொக்கத்திற்கே விற்பதில்லை. அறுவடையை நம்பிக் கடனாகவும் கொடுக்கிறார். ஏரி மதகு பழுதுபட்டு நீர் வீணாகுமாயின் பயிர் பொய்க்கும். பயிர் பொய்த்தால் பாக்கி வசூலாகாது. ஆகவே அம்மதகு பெயருக்கு ஊராருடையதாயினும், அதன் லாப நஷ்டம் வியாபாரியின் பேரேட்டிலும் ஏறுகிறது. மதகைப்பற்றி ஊர் கூடி யோசிக்கும்போது கடையிலேயே உட்கார்ந்திருப்பவர், தம் முதலைக் காவலின்றி விட்டவராவார்.

ஐக்கிய நாணய இயக்கத்தின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. 1846-47-ஆம் வருஷப் பஞ்சத்தின்போது, ஜெர்மனியில் வெயர்புஷ் என்னும் ஊரில் மேயராயிருந்த ரெய்பீசன் என்பார், வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, ரொட்டி சுடச்செய்து, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். செல்வர் அளிக்கும் உதவி மட்டும் நிலைத்து நில்லாதென்று பின்னர் அனுபவத்தாற் கண்டு, கடன் பெறுவோரும் அங்கத்தினராயிருக்கும் சங்கத்தை 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்னுமிடத்தில் அமைத்தார். இத்தகைய சங்கங்களுக்குச் சிறிய எல்லையே வகுக்கப்பட்டது. ஒருவர் நடத்தையை ஒருவர் அறிந்திருத்தலே கடனுக்குச் சிறந்த ஈடு என்பது அதன் காரணம். பிரெடரிக் நிக்கல்சன் 1895-இல் சென்னை சர்க்காருக்கு அளித்த அறிக்கையில் இம்முறையைப் போற்றினார். 1904-இல் இந்தியாவில் நாணய சங்கச் சட்டம் பிறந்தது.

"நாணயம்" என்னும் சொல் பணத்தையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். முதலாவதைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். இரண்டாவது ஊராரிடத்தில் இருப்பது. அவர்களோடு பழகியே அதைத் தேடவேண்டும். அவ்வாறு பழகும் வியாபாரிக்கு, யாருக்கு மெய்யாகவே கஷ்டம், யார் வீண் செலவு செய்பவர் என்பதும் விளங்கும்.

சங்கம் வளர்ந்தால் தம் வட்டி வரும்படி குறையுமே என்று சிலர் அஞ்சுகின்றனர். அது ஓரளவு குறையலாம். ஆனால் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்ற குடியானவன் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்க இயலும். வராத பாக்கியின் வட்டியைவிட வந்த ரொக்கமே மேலானது.

ஆகையால், வியாபாரிகள் மகாசபைக்குத் தவறாது வரவேண்டும். மிச்சப் பணத்தைச் சங்கத்தில் டிபாசிட்டு வைக்கலாம். கணக்கெழுதிப் பழகிய அவர்கள் சங்கத்தின் பற்று வரவைச் சரிபார்க்கவும் உதவலாம். ஒன்றுமட்டும் ஆகாது: சங்கப் பதவியைச் சொந்தப் பாக்கி வசூலிக்கும் கருவியாக்கலாகாது.

சங்கமும் லாபம் காணும் ஒரு ஸ்தாபனமே. நிகர லாபத்திற் காற்பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், ரிஜிஸ்திராரின் அனுமதியுடன், மீதியில் நூற்றுக்கு 10 வரை தர்ம காரியங்களுக்கு உதவலாமென்று 1912-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 34-வது பிரிவு இடமளித்தது. பலர் சேர்ந்து ஈட்டிய லாபத்தில் ஊருக்கும் ஒரு பங்கு தகுமென்றால், அவ்வூராரை நம்பி நடக்கும் கடையின் லாபத்திலும் அது தகும். அடுத்த மகாசபை நாளன்று கடையை இரண்டு மணி நேரம் மூடி வருவது அதற்கு நல்ல ஆரம்பமாகும்.