தண்ணீர் போன வழி – 17: மிதிப்பது கால், பழக வேண்டியது கை

சென்ற வாரம் சமனலவெவ அணையின் கசிவோடு நிறுத்தியிருந்தோம். 1992-இல் நீர் நிரப்பியபோது வலது கரைப் பாறைக்குள் வழி கண்டுபிடித்துப் பீறிட்ட அந்தத் தண்ணீர் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பொறியியலாளர்களுக்கு அது தலைவலி. கீழே கல்தோட்டை வயல்காரர்களுக்கு அது பாசனம். இந்த வாரம் அணையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீரின் மேல் ஏறுவோம். ஏறுவதற்கு இம்முறை ஒரு விசித்திரமான வாகனம் வாய்த்திருக்கிறது: காலால் மிதித்து ஓட்டும் மீன்பிடிக் கயாக். பலாங்கொடைப் பக்கத்து நண்பர் ஒருவர் புதிதாக வாங்கியிருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் பணம் போட்டதால்தான் அது இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. விலையை எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு வயிறு எரியும், விட்டுவிடுகிறேன்.

கயாக் என்றதும் சப்ரகமுவவில் எல்லோருக்கும் நினைவு வருவது கித்துல்கல. டேவிட் லீன் 1957-இல் வெளிவந்த தன் படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த அதே களனி கங்கை, பாறைகளில் மோதி நுரைக்கிற இடம். அங்கே ரப்பர் படகுகளுக்கு நடுவில் புகுந்து புறப்படும் கயாக் குட்டையானது, இடுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பால் ஓடும். நம்முடையது அதற்கு நேர் எதிர். நாலு மீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நீளம், ஒரு ஆள் எழுந்து நிற்கக்கூடிய அகலம், அச்சில் வார்த்த கனமான பிளாஸ்டிக் உடல். உள்ளே குழிக்குள் இறங்கி உட்காருவதில்லை. மேலே ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள், சாய்ந்துகொள்ளலாம். எடை ஐம்பது கிலோவுக்குக் குறையாது. இதைக் கித்துல்கலவில் இறக்கினால் அடியில் தொங்கும் விசிறி முதல் கல்லிலேயே போய்விடும். நிற்கிற நீருக்கென்றே செய்த படகு இது.

கயாக் என்பதே முதலில் வடதுருவக் கரைகளில் வாழும் இனுயிட் வேட்டைக்காரர்களின் தோல் படகு. அவர்களுக்கும் கைதான் இயந்திரம். கையைக் காலாக மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் பெயர் பெற்றது கலிபோர்னியாவின் ஹோபி நிறுவனம். கிரெக் கெட்டர்மன் வடிவமைத்த அதன் மிதி இயக்கம் 1997-இல் வெளிவந்தது. அதில் விசிறி இல்லை. படகின் அடியில் இரண்டு துடுப்புச் செதில்கள். வலது காலைத் தள்ள ஒரு பக்கமும் இடது காலைத் தள்ள மறுபக்கமுமாக அவை வீசும். பென்குயின் நீந்துவதிலிருந்து வந்த யோசனை என்று சொல்வார்கள். பின்னால் வந்த மற்ற நிறுவனங்கள் சைக்கிள் மிதியையும் கப்பல் விசிறியையும் சேர்த்தன. நண்பருடையது இந்த இரண்டாவது இனம். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால், பற்சக்கரங்களின் தயவில் கீழே விசிறி பத்துச் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். இவ்வளவு செய்தும் வேகம் நடக்கிற ஆளின் வேகத்தை விடக் கொஞ்சம்தான் கூட. மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர்.

அப்படியானால் எதற்கு? கைக்கு ஓய்வு கொடுக்க. மீன் பிடிக்கிறவனுக்குக் கை வேறு வேலைக்கு வேண்டும். இந்தக் கணக்கைக் கலிபோர்னியாவுக்கு வெகு முன்னரே போட்டவர்கள் மியன்மாரின் இன்லே ஏரியில் இருக்கும் இந்தா மக்கள். தோணியின் நுனியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைத் துடுப்பில் சுற்றி வலிப்பார்கள். இரண்டு கையும் கூம்பு வடிவ மீன்கூடைக்கு. இயந்திரம் எதுவும் இல்லை. மிதி இல்லை, பற்சக்கரம் இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் அதுதான் உயர்ந்த கண்டுபிடிப்பு. ஐரோப்பிய, அமெரிக்க மிதிபடகுகளெல்லாம் நெடுங்காலம் உல்லாசத்துக்கே ஓடின. பொஸ்டன் பூங்காவில் 1877-இல் தொடங்கிய அன்னப் படகுகளில், அன்னத்துக்குப் பின்னால் மறைந்திருந்து ஒருவர் மிதிப்பார், முன்னால் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நுவரெலியா கிரகறி வாவியில் வசந்தகாலக் கூட்டம் மிதிக்கிற அன்னங்களும் அதே பரம்பரைதான். அதில் ஏறி இறங்கியவர்கள் ‘எனக்கு மிதிபடகு தெரியும்’ என்று நினைத்துக்கொண்டு இதில் ஏறக்கூடாது. அந்த அன்னம் கவிழ்வது அபூர்வம். இது கவிழும்.

நமக்கு, அதாவது தோட்டத்துக்காரருக்கு, தண்ணீர் என்றால் பீலி. மேலிருந்து தலையில் விழும் தண்ணீர். குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடிப்பது எல்லாம் பீலிக்கரையில். பள்ளத்தில் ஆறு ஓடும்; மழைக்காலத்தில் சத்தம் மட்டும் கேட்கும். அகலமாக விரிந்து அசையாமல் நிற்கும் ஆழத்தண்ணீர் சப்ரகமுவ மலைக்குப் புதிது. மின்சாரத்துக்காகவும் வயலுக்காகவும் அணை கட்டியபின் வந்தது. எனவே லயத்தில் பிறந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர் குறைவு. கயாக்கில் பழகுவதற்கு முதல் பாடம் மிதியில் இல்லை, மிதவை அங்கியில் இருக்கிறது. அதை அணிந்துகொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துத் திரும்ப ஏறிப் பார்க்க வேண்டும். அகலமான படகு சாயும்போது நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். ஒரு எல்லை தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். கவிழ்ந்ததைப் புரட்டி நிமிர்த்துவது ஒரு வேலை, வயிற்றால் ஊர்ந்து மேலேறுவது இன்னொரு வேலை. இதைக் கரையோரத்தில் செய்யாதவர் நடுத்தண்ணீரில் செய்யப் போவதில்லை.

கால்களைப் பற்றிக் கவலை வேண்டாம். செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கிய குடும்பங்களின் கால்கள் இவை. சாய்ந்து உட்கார்ந்தபடி முன்னோக்கித் தள்ளுவதால் தொடையின் முன்பக்கம் ஆரம்பத்தில் வலிக்கும், அவ்வளவுதான். கதிரையைச் சரியான தூரத்தில் பூட்டிக்கொண்டால் அதுவும் குறையும்: முழுக்க நீட்டிய காலிலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். நண்பரின் தகப்பனார், ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, கரையில் குந்தியிருந்து இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா தம்பி, சைக்கிள் மிதிக்கத்தான் ரோட்டு இருக்கே, அதுக்கு எதுக்குத் தண்ணிக்குள்ள போறது?”

அவர் கேட்டதில் ஒரு விஷயம் இருக்கிறது. சைக்கிள் தெரிந்தவர்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் கைப்பிடி சொன்னபடி கேட்கும். இதில் கதிரையின் இடப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சுக்கான் பிடி. அதைத் திருப்பினால் பின்னால் சுக்கான் திரும்பும். ஆனால் தண்ணீர் உரசிப் போனால்தான் சுக்கானுக்கு வேலை. மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அது வெறும் பலகை. திரும்ப வேண்டுமானால் மிதித்தபடி திரும்ப வேண்டும். மரக்கட்டை எதிரே வரும்போது மிதியை நிறுத்திவிட்டுப் பிடியை மட்டும் திருகுகிறவர் நேராகப் போய் அதில்தான் முட்டுவார். பிரேக் இல்லை. நிற்க வேண்டுமானால் பின்னோக்கி மிதிக்க வேண்டும், அப்போது சுக்கான் சரியாகப் பேச்சுக் கேட்காது. திரும்ப எடுக்கும் வட்டமும் பெரிது. அதனால்தான் துடுப்பு ஒன்று எப்போதும் பக்கத்தில் கட்டியிருக்க வேண்டும். நெருக்கமான இடத்தில் மூக்கைத் திருப்புவதற்கும், விசிறியில் பாசி சுற்றிக்கொண்டால் வீடு வந்து சேர்வதற்கும் அதுதான்.

கை பழகுவது என்று தலைப்பில் சொன்னது இந்தச் சுக்கான் கையை. இடது கை பிடியில் கிடக்க வேண்டும். பெரிய திருப்பம் தேவையில்லை, சின்னச் சின்னத் திருத்தங்கள். வலது கையில் தூண்டில். கால் தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று மறந்து நடக்கும் வரை மீனைப் பற்றி யோசிப்பது வீண். நண்பருக்குத் தூண்டிலில் முதல் இழுப்பு வந்ததும் கால் நின்றுவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான், கவனம் கைக்கு ஓடியதும் கால் மறந்துவிடும். கால் நின்றதும் படகு காற்றோடு திரும்பியது, நூல் அடிக்குப் போய் விசிறிப் பக்கம் உரசியது. மீன் போனது. மீன் ஏறிய அந்த நேரத்தில் மெதுவாகப் பின்னோக்கி மிதித்து, நூலைப் படகின் மூக்குக்கு முன்னால் வைத்திருப்பதற்காகத்தான் இந்தப் படகுக்கு இவ்வளவு காசு. அதற்குக் கால் நிற்காமல் இருக்க வேண்டும்.

காற்று என்றேன். சமனலவெவவில் காற்றைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. அணை கட்டும் காலத்தில், நீரில் மூழ்கப் போகிற நிலத்தை ஆராய வந்த தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். அவற்றில் ஊதுலைத் துருத்திக்கு இடமில்லை. தென்மேல் பருவக்காற்றே துருத்தி. உலையின் முன்சுவருக்கு மேலாகக் காற்று பாய்ந்து போகும்போது, சுவரிலிருந்த குழாய்கள் வழியே உள்ளே இழுபடும் காற்று தணலைக் கொழுந்துவிடச் செய்திருக்கிறது. மீண்டும் அதே மாதிரி உலை கட்டி, காற்றுக் காலத்தில் எரித்துப் பார்த்தே அவர் நிரூபித்தார். 1996-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான தொழில். ஆடிக் காற்றில் அம்மி பறந்ததோ இல்லையோ, இங்கே உருக்கு விளைந்தது. அந்த உலைகளில் சில இப்போது தண்ணீருக்கடியில். காற்று மட்டும் மேலே இருக்கிறது, தன் பழைய நேரத்துக்கே வருகிறது.

ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் இங்கே கயாக் என்ற பேச்சே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் நீர், வெயில் ஏற ஏறச் சுருக்கம் விழத் தொடங்கும். முதலில் காற்றுக்கு எதிராகப் போக வேண்டும், களைத்தபின் அது வீட்டுக்குத் தள்ளிவிடும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் பெரும்பாலும். மூக்கைக் காற்றுக்குக் காட்டி, மெல்ல மிதித்து, ஒரே இடத்தில் நின்றுகொண்டே தூண்டில் போட முடிவது துடுப்புப் படகில் கிடைக்காத சுகம். பக்கவாட்டில் காற்றை வாங்கினால் அந்த உயர்ந்த கதிரையே பாயாகிவிடும்.

இன்னொன்று அடிநிலம். இது மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம். நீர்மட்டம் ஏறும், பல மீட்டர் இறங்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் கல்லும் மரமுண்டமும் தலை காட்டும், அதைவிட மோசமாக, தலை காட்டாமல் அரை மீட்டருக்குக் கீழே காத்திருக்கும். விசிறி தொங்குவதும் அந்த அரை மீட்டரில்தான். கரைக்கு வருமுன் அதைத் தூக்கி மேலே மடித்துவிட வேண்டும். வற்றிய காலத்தில் கரை என்பது சேறு. ஐம்பது கிலோவை அதில் இழுப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும், சக்கர வண்டி உதவாது.

தண்ணீரில் இறங்கியதும் நாங்கள் மட்டும் இல்லை. ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டிய ஃபைபர் கிளாஸ் தோணியான ஓருவில் இரண்டு பேர், ஒருவர் வலிக்க ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். திலாப்பியாவுக்கு மாலையில் செவுள் வலை விரித்து விடியலில் தூக்குவது இந்த நாட்டு நீர்த்தேக்கங்களின் வழக்கம். கண்ணளவு எட்டரை சென்றிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. திலாப்பியா 1952-இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டு மீன். இன்று நன்னீர் மீன் சந்தையே அதன் தோளில் நிற்கிறது. ஆனால் சமனலவெவ நிரம்பியது ஒரு கெட்ட நேரத்தில். நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை அரசு 1990-இல் நிறுத்தியிருந்தது. உயிர்க்கொலைக்கு அரசு துணை போகக் கூடாது என்ற பௌத்த எதிர்ப்பு அதற்குக் காரணம். 1994-இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். புதிய நீர்த்தேக்கத்துக்கு மீன்குஞ்சு மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. பிறகு 1999-இல் வந்த நக்டா என்ற தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அந்த வேலையைக் கையில் எடுத்தது.

ஓருக்காரரில் மூத்தவர் பக்கத்தில் வந்து, மடித்து வைத்த விசிறியை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சிங்களத்தில் அவர் கேட்டது இரண்டே கேள்வி. வலையை எங்கே வைப்பது? விசிறி என் வலையில் மாட்டினால் யார் பொறுப்பு? முதலாவதற்கு, கதிரைக்குப் பின்னால் ஒரு மீன்பெட்டிக்கு இடமுண்டு, வலைக்கு இல்லை என்றோம். ஆளும் சாமானும் சேர்த்து இருநூறு கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்றதும் அவர் தன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தார். நல்ல பிடி கிடைக்கும் நாளில் ஈர வலையும் மீனும் ஆட்கள் இருவருமாகவே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். இரண்டாவது கேள்விக்கு நண்பர் தந்த பதில் சரியானது: வலை விரிக்கும் மூலை எது என்று மாலையில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் காலையில் இறங்குவது. அவர் கைகாட்டிய மூலைகளை நண்பர் தொலைபேசியில் குறித்துக்கொண்டார். தூண்டில் போடுவதற்கான அனுமதி பற்றியும் அவரிடமே விசாரித்தோம். மீனவர் சங்கத்தில் முதலில் சொல்லிவிடுங்கள் என்றார்.

(அடுத்த வாரம்: வளவை கங்கையோடு இறங்கி உடவளவைக்கு. அங்கே நீர்த்தேக்கம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கயாக்குக்கு வேலையில்லை, மீன்குஞ்சுத் தொட்டிகளைப் பார்ப்போம்.)