பரணில் புகும் விலங்குகளும் நாம் செய்யத்தக்கனவும்

நெசவாளர் இல்லத்தில் பரண் என்பது பழம்பொருள் போடும் இடம் மட்டுமன்று. பாவு நூலும், சாயமேற்றிய சிட்டங்களும், பயிரிடுவோர் வீடாயின் விதையும் அங்கேதான் வைக்கப்படுகின்றன. சங்கத்தில் கடனாகப் பெற்ற நூல் பரணில் பாழானாலும் கடன் பாழாவதில்லை. அது உறுப்பினர் கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே, பரணைக் காத்தல் தொழிலைக் காத்தலேயாம்.

புதுவையைச் சேர்ந்த தேங்காய்த்திட்டைக் காண்போம். பெயருக்கேற்பத் தென்னைகளும், அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தை அடுத்து அலையாத்தி மரங்களும் உள்ள பகுதி அது. இத்தகைய இடங்களில் எலியும் அணிலும் மரநாயும் கூரையை நாடுவதில் வியப்பில்லை. மரநாய் பெயரளவில்தான் நாய். உண்மையில் அது புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பகலில் மறைவிடத்தில் உறங்கி, இரவில் பழங்களையும் பூச்சிகளையும் எலிகளையும் தின்னும். எலியைத் தின்பதால் தோட்டத்தில் அது நமக்கு நண்பனே, பரணில்தான் தொல்லை.

வந்திருப்பது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பகலில் ஓடும் ஓசை கேட்டால் பெரும்பாலும் அணில். இரவில் மெல்லிய சுரண்டல் கேட்டால் எலி. இரவில் கனத்த நடையும், பழவிதைகள் நிறைந்த எச்சமும் காணப்பட்டால் மரநாய்.

ஓர் இல்லத்தில் நாம் கண்டதைக் கூறுவோம். பட்டப்பகலில், உள்ளே பாராமலே கூரைச் சந்தை அடைத்துவிட்டனர். உள்ளே அகப்பட்ட தாய் மரநாய் அன்றிரவே ஓட்டைப் பெயர்த்து வெளியேறிற்று. மறுநாள் அந்த இடத்தையும் அடைத்தனர். சில நாளில் துர்நாற்றம் எழுந்தது; குட்டிகள் நூல்மூட்டைகளின் இடையே இறந்து கிடந்தன. சாயநூல் முழுதும் கறைபட்டது. பிழை அடைத்ததில் இல்லை. அடைத்த காலத்தில்தான் இருந்தது.

எனவே, முறை இதுவாகும். சந்துகளில் ஒன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை அடைக்க. எஞ்சிய சந்தில் காகிதத்தைத் தளர்வாகச் செருகுக. மூன்று இரவுகள் அது அசையாதிருப்பின் உள்ளே எதுவும் இல்லையெனக் கொள்ளலாம். பரணையும் ஒருமுறை நேரில் பார்த்தபின் அதனை அடைக்க. குட்டிகள் இருப்பின், அவை வளர்ந்து தாயோடு வெளியேறும்வரை நூலை வேறிடம் மாற்றிப் பொறுத்திருத்தலே நலம். சுண்டெலியும் நுழையாதிருக்கக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை தேவை. கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால், துத்தநாகப் பூச்சுள்ள வலையே ஏற்றது. கூரைக்கு ஆறடிக்குள் நீளும் கிளைகளைக் கழிக்க. தென்னையில் எலி ஏறாதிருக்கத் தகரப்பட்டை கட்டுதல் பயன் தரும். ஆனால், மட்டைகள் அடுத்த மரத்தையோ கூரையையோ தொட்டால் அப்பயன் கிட்டாது.

நஞ்சு வைத்தல் கூடாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் மரநாயும் கூகையும் மடிய, எலி மீண்டும் பெருகும். மேலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரநாயைக் கொல்லுதலும் பொறிவைத்துப் பிடித்தலும் குற்றமாகும். இயலாதவிடத்து வனத்துறையினரிடம் தெரிவிக்க.

இறுதியாக ஒன்று. வரிசை வீடுகளில் ஒருவர் மட்டும் சந்தை அடைத்தால் விலங்கு அடுத்த வீட்டுக் கூரைக்குச் செல்லும். தொல்லை தீராது, இடம் மாறும். தெருவார் யாவரும் கூடி, வலையை மொத்தமாக வாங்கி, ஏணியைப் பொதுவில் வைத்து, ஒரே வாரத்தில் பணியை முடிப்பின் செலவும் குறையும், பயனும் நிலைக்கும். கடனுக்கும் விற்பனைக்கும் கூடுகின்ற நாம், கூரைக்கும் கூடுவோமாக.